மாப்பிள்ளையின் கைராசியும் என் லினக்ஸும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

லீவு நாளில் என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன். கம்ப்யூட்டரை ஓடவைக்கும் மென்பொருள் அது. தயாராகவே கிடைக்கும். ஆனால், உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, மூல நிரலிலிருந்து ஒவ்வொன்றாக நானே கட்டினேன். முதல் தடவை திரை கறுப்பாகவே நின்றது. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க உதவும் டிரைவர் என்ற நிரலைச் சேர்க்க மறந்திருந்தேன். தவறைத் தேடிப் பிடித்து மறுபடி கட்டினேன். உள்ளே நுழையப் பெயர் கேட்டுத் திரையில் ஒரு வரி வந்ததும் துள்ளிக் குதித்தேன். அறையில் சொல்ல ஆள் இல்லை. உனக்குத்தான் போன் போட்டேன்.

நீ என்னைப் பேசவே விடவில்லை. "டேய், மாப்பிள்ளை என் போனை ஒரே நிமிஷத்துல சரி பண்ணிட்டாருடா! என்ன ஒரு கைராசி!" என்றாய். அக்கா வீட்டுக்காரர் அதை அணைத்துத் திரும்பப் போட்டிருப்பார், அவ்வளவுதானே? எனக்கு வயிறு எரிந்தது. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

அவர் நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எது மக்கர் செய்தாலும் முன்பெல்லாம் என்னைத்தானே கூப்பிடுவாய்? அங்கே இருக்கும் என் பழைய லேப்டாப்பையாவது அவர் கையில் கொடுத்துவிடாதே. இனி டிவியோ போனோ நின்றால் முதலில் எனக்குச் சொல். எதை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறேன். எதுவும் கெட்டுப்போகாவிட்டாலும் கூப்பிடு.

என்னை வேலைக்குக் கூட்டிப்போகும் கிடங்கு வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். அக்காவிடம் இதைக் காட்டாதே.

உன் மகன்