ஷமீனாவின் தூக்கம்

லைப்சிக், ஜெர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு நாதியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டுவலி தேவலையா? அத்தாவின் அச்சகத்தில் தீபாவளி சீசனுக்கான பட்டாசு லேபிள் ஆர்டர் எல்லாம் முடிந்ததா?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தம் கேட்டார்கள். நான் கொடுத்தேன். அதுவும் நோயாளியின் ரத்தம் மாதிரியே வந்தது. என் களைப்புக்குக் குளிர்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆய்வகத்தை நடத்தும் மேடம் தொட்டுப் பார்த்தபோது கழுத்தில் வீக்கம் இருந்தது.

தைராய்டில் ஒரு பெரிய புரதம் உருவாகிறது. அதைச் சரியாக மடித்துவிட வேறு சில புரதங்கள் உதவுகின்றன. மடிப்பு சரியாக விழுந்தால்தான் அது செல்லைவிட்டு வெளியேறி, ஆக்ஸிஜனேற்றத்தால் அயோடினைச் சேர்த்துக்கொண்டு ஹார்மோனாக மாறும். எனக்கு அது மடியாமல் உள்ளேயே தேங்கிவிடுகிறது என்று அடுத்த பரிசோதனையில் தெரிந்தது; ஹார்மோன் குறைவதால்தான் இந்தக் களைப்பும் தூக்கமும். பயப்படாதீர்கள், தினமும் ஒரு மாத்திரை போதும்.

இது பரம்பரையாக, பிறவியிலேயே வருவது. தங்கச்சி ஷமீனாவுக்கும் இருக்கலாம். அவள் கழுத்தும் அப்படித்தான் இருக்கிறது. "எந்நேரமும் தூங்குற பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று அத்தா அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார்களே. போன வாரம் போனில், "அத்தா சொல்றாகளே, அது சரிதானே அக்கா, நான் சோம்பேறிதான்" என்றாள்.

அவளை உடனே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுவதைப் பதிந்து எனக்கு அனுப்புங்கள், இந்த அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவள் சோம்பேறி இல்லை என்று அத்தாவே அவளிடம் சொல்லட்டும். நான் சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை.

உங்கள் மகள்,
நாதியா