பின்கண்ணாடியில் தெரியும் சட்டை

அன்பு மகனுக்கு,

அப்பாவும் நானும் தங்கி ஊர் சுற்றிய டிரெய்லரை வாங்கச் சனிக்கிழமை வருகிறவரிடம், அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடு. அப்பா இல்லாமல் எனக்கு அது எதற்கு என்று கேட்டாயே, அது இப்போது அரிசோனா பாலைவன முகாமில் நிற்கிறது. நான்தான் வண்டியில் பூட்டி இழுத்து வந்தேன்.

டயர்கள் பார்க்கப் புதிது போலத்தான் இருந்தன. பக்கவாட்டில் வெயில் வெடிப்பு விட்டிருந்ததால் நான்கையும் மாற்றினேன். மலை இறக்கத்தில் காற்றடித்து டிரெய்லர் வாலாட்டியது. காலால் எதையும் மிதிக்காமல், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்தினேன்; அடங்கிவிட்டது. உன் அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

இங்கே யார் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்தினாலும், மற்றவர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பக்கத்து இடத்து லாயிட் எழுந்தே வந்துவிட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரட்டுமே, அவரு நிறுத்தட்டும்."

"அவரு வரமாட்டாரு. நீங்க போய் உங்க ஜெனரேட்டர அணைங்க. முகாம்ல அது போட அனுமதிச்ச நேரம் முடிஞ்சாச்சு."

அவர் மனைவி டோரீன் சிரித்தாள். "வாங்கிக் கட்டிக்கிட்டியா? பேசாம வந்து உட்காரு."

பொய் சொல்ல எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்றுத்தரவில்லை. ஆகவே சொல்கிறேன்: மூன்றாவது முறைதான் நேராக நின்றது. முதல் இரண்டு முறையும், பின்னால் நின்று வழிகாட்டும் உன் அப்பாவின் கையைக் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வா. ஓட்டுவது நான்தான், நீ பின்னால் நின்று கை காட்டு. அலமாரியில் அப்பாவின் ஆரஞ்சுச் சட்டை இருக்கிறது, அதைப் போட்டுக்கொள். கண்ணாடியில் நன்றாகத் தெரியும்.

உன் அம்மா