பாதியைக் கழித்துக்கொள்

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகள் ஃபரீனுக்கு, உன் கரீம் மாமு ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் என் தங்கச்சி, உன் அம்மா மெஹ்ராஜ் பேகமும் நலம். பெருநாளிலிருந்து உன் போன் அணைந்தே கிடப்பதால், நீ இருக்கும் ரியாத்துக்கே திரும்பும் சுபுஹான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன்தான்; ஆனாலும் நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டுக் கலெக்டரே எழுந்து நின்றார்.

புளி வாங்கக் கல்வராயன் மலைக்குப் போன இடத்தில் என்னை ராஜநாகம் கடித்துவிட்டது. பனைமர நீளம். தேள் என்கிறார் டாக்டர். கடி வாங்கியது நானா, அவரா?

நீ நர்ஸாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில்தான் படுக்க வைத்தார்கள். பட்டப்பகல். ட்ரிப் போடச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார், போட ஆளில்லை. பக்கத்துக் கட்டிலில் மலையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஆயம்மாள் மட்டும். எனக்குக் கண் இருட்டியது. அப்போது நீ வந்தாய்.

ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாய். முன்பு இங்கே கொடுத்த சம்பளம் பத்தாமல், பகலில் இங்கும் ராத்திரியில் திருக்கோவிலூரிலும் வேலை பார்த்து, அரைத் தூக்கத்தில் என் கையைச் சல்லடையாக்கினாயே, அந்த நடுக்கம் துளியும் இல்லை. நல்ல சம்பளம் கிடைத்தால் கை இப்படித்தான் நிற்கும் என்று பூரித்துப்போனேன். ஆனால் அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது. "இன்னா மாமு, ஒரு ஊசிக்கே கண்ண மூடிக்கினீங்க?" என்றாய். கண்ணைத் திறந்தேன். நீ இல்லை.

சாயங்காலம் வந்த நர்ஸ், இந்த ட்ரிப்பை யார் போட்டது என்று கேட்டாள். சம்பளம் வராததால் அன்றைக்குப் பகல் முழுக்க நர்ஸ்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார்களாம். நான் ஏதோ மயக்கம் என்று சிரித்தேன். ஆயம்மாள் சிரிக்கவில்லை. "நெத்தியில தழும்பு இருந்த பொண்ணுதான் போட்டுச்சு. கால்ல செருப்புகூட இல்ல" என்றாள். உன் நெற்றித் தழும்பு அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் உன்னைப் பார்த்ததே இல்லை, ஃபரீன்.

பிளாஸ்திரியைப் பிரித்தபோது மணல் உதிர்ந்தது. கோமுகி ஆற்று மணல் எனக்குத் தெரியாதா? இது பாலைவன மணல் போல, மாவாக, சிவப்பாக இருந்தது. உன் அம்மாவிடம் காட்டவில்லை. உனக்கு வேலை ஜாஸ்தி, அங்கே ராணி மாதிரி இருக்கிறாய் என்று தினமும் அவளுக்கு ஒரு கதை கட்டிச் சொல்கிறேன்.

மாமு சொல்வதில் பாதியைக் கழிக்கணும் என்று நீதானே கேலி செய்வாய்? இதிலும் கழித்துக்கொள். பாம்பை எடுத்துவிடு. கலெக்டரை எடுத்துவிடு. நீ வந்ததையும் எடுத்துவிடம்மா. ஒரே ஒரு தடவை போன் போட்டு, "மாமு, அத்தனையும் பொய்" என்று உன் வாயால் சொல்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
கரீம் மாமு