அரிசிப் பானையில் வைத்த கண்ணாடி

அருப்புக்கோட்டை
12.5.1994

தங்கச்செல்வி அப்பாவுக்கு,

லெட்டர் கிடைச்சது. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராக, அன்னிக்கு மட்டும் அவ கண்ணாடியைக் கழட்டச் சொல்லுன்னு எழுதியிருக்கீக.

எங்கம்மாவும் இதையேதான் சொன்னாக. என் கண்ணாடியை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சுட்டு, காப்பித் தட்டைக் கையில குடுத்தாக. வெள்ளை வேட்டியில யாரோ உக்காந்திருந்தது தெரிஞ்சது, முகம் தெரியலை. காப்பி ஆறிப்போச்சுன்னு நீங்க என்னை முறைச்சீகளாம். கலியாணம் முடிஞ்ச பிறகுதான் சித்தி சொன்னாக.

அப்புறமும் கண்ணாடி போட நீங்க விடலை. இருபது வருசமா தலைவலியும் அடுப்புல சுட்ட விரலுமா கெடக்கேன்.

அவ கண்ணாடி போட்டுத்தான் வருவா. வந்தவன் முகத்தை நல்லாப் பாத்துட்டுச் சொல்லட்டும்.

நான் பாத்திருந்தா அன்னிக்குத் தலையாட்டியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கச்செல்வியைப் பெத்தவ