மடியில் ஒரு சொம்பு

ராமச்சந்திராபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தாரிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். உன் முதுகு வலி குறைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் அப்பா ஒரு மாதமாக நம் பழைய மோரிஸ் மைனர் காருக்கு அடியிலேயே குடியிருக்கிறார். குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில் ஆயில் ஒழுகி வற்றிவிட்டது. பாக்டரியில் பெரிய மெஷின்களோடு பழகியவர் இல்லையா, கெட்டியாக இருந்தால்தான் பலம் என்று கியர் ஆயிலை ஊற்றினார். ஒழுகல் நின்றது, வண்டி விறைத்துக்கொண்டது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் என் இடுப்பில் இடித்தது. மெக்கானிக் ஜேம்ஸ் பிரேக் ஆயில் போதும் என்றார். அது உள்ளே இருக்கும் ரப்பரைத் தின்றுவிடும் என்று அப்பா ஒப்பவில்லை. பிறகு மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு ஊற்றும் ஆயிலை வாங்கினார். அது ரொம்ப மெலிசு, பள்ளம் தாண்டியும் வண்டி ஆடிக்கொண்டே வந்தது. அதிலேயே கொஞ்சம் கெட்டியானதை இப்போது ஊற்றியிருக்கிறார்.

வண்டி குலுங்குகிறதா என்ற பரீட்சைக்கு நான்தான் ஆள். செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை பின் சீட்டில், மடியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய சொம்போடு. போவன்பள்ளி மார்க்கெட் பக்கம் லாரிகள் குதறிப்போட்ட ரோட்டில் புடவை நனையாத நாளில்லை. வண்டியிலேயே குளித்துவிட்டு வருகிறீர்களா என்று எதிர்வீட்டு நாகம்மா கேலி செய்தாள். நேற்று தண்ணீர் சிந்தவில்லை. அப்பா வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுதார். மாப்பிள்ளை கிரி விபத்தில் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

விபத்தான அந்தக் காரில் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தவள் நீ. இனி எந்தக் காரிலும் ஏறமாட்டேன் என்றால் உன்னை எப்படிக் குறை சொல்வேன்? ரயிலில் படுத்துக்கொண்டு வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக உன் மாமியார் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதுதான் பாக்கி. குலுங்கினால் வலிக்கும் என்று நீ சொன்னதை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டார். வலி அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவரால் செய்ய முடிந்தது இதுதான்.

வர மனசில்லை என்றால் எனக்கு மட்டும் எழுது, அப்பாவிடம் பக்குவமாகச் சொல்கிறேன். வருவதானால் அவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். நானும் ஸ்டேஷனுக்கு வருவேன். சொம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன் கண்ணு, நீ என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
அன்னம்மாள்