படகுக்கு எத்தனை வாட்?

அல்மாட்டி
24 பிப்ரவரி 2023

வீட்டுத் தலைவருக்கு,

நீங்கள் அனுப்பிய பேட்டரி செத்துவிட்டது. மழுப்பிச் சொல்லிப் பயனில்லை, நானே பிரித்துப் பார்த்தேன். உறைகுளிரில் சார்ஜ் ஏறி ஏறி உள்ளே செல்லெல்லாம் வீணாகிவிட்டது. இனி அது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

பஸ் டிரைவர் தோலேஷ் அதைக் கடை வாசலில் இறக்கும்போதே முனகினான். "அண்ணி, ஏரிக்கரையிலேர்ந்து அண்ணன் குடுத்தனுப்புனாரு. இந்தக் கனத்துக்கு ஒரு ஆள் டிக்கெட் போட்டிருக்கணும். டீயாவது ஊத்துங்க."

"ஏரிக்கரையிலேர்ந்தா? அவரு ஜெஸ்கஸ்கன்ல சுரங்க வேலைல இல்ல இருக்காரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணி. நான் டிரைவர். சக்கர அதிகமாப் போடுங்க."

அவனை விடுங்கள். பேட்டரியோடு சார்ஜ் கன்ட்ரோலரையும் கழற்றி அனுப்பியிருக்கிறீர்கள். சோலார் பலகையிலிருந்து வருவதை அளந்து பேட்டரிக்கு விடுகிற அந்தச் சின்னப் பெட்டி, எந்த நாளில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று குறித்து வைத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்திருக்காது. விற்கிறவளுக்குத் தெரியும்.

நவம்பர் பதினெட்டிலிருந்து பிப்ரவரி பத்து வரை ஒரு நாள் விடாமல் செலவு இருக்கிறது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு வாட்-மணி. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மட்டும் ஒன்றரை மடங்கு. அன்றைக்கு என்ன கொண்டாட்டம்?

போன வருடம் மே மாதம் என் முன்னால் உட்கார்ந்து உங்கள் மீன்பிடிப் படகுக்காக நீங்கள் சொன்ன பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். மீன் பெட்டிக்குக் குளிர்சாதனம், இரண்டு விளக்கு, மீன் தேடும் கருவி, ரேடியோ, போன். எல்லாம் சேர்த்து நாளைக்கு எழுநூறு வாட்-மணி. கோடையில் ஆறு மணி நேர வெயில் என்று கணக்கிட்டு இருநூறு வாட் பலகை ஒன்றும், நூறு ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்றும் கொடுத்தேன். குளிரில் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் விலை கூடிய பேட்டரியும் கடையில் இருந்தது. "நவம்பர்ல படகு கரையேறிடும். அதுக்கப்புறம் ஒரு ஈகூட அதுல இருக்காது. நான் வீட்டுக்கு வந்துடுவேன்" என்று நீங்கள் சொன்னதால்தான் மலிவானதைக் கட்டினேன்.

பிறகு நவம்பரில் வீட்டுக்கு வரவில்லை. சுரங்கத்தில் நான்கு மாத ஷிப்டு கிடைத்தது, பூமிக்கடியில் போன் எடுக்காது என்றீர்கள். நம்பினேன். அஸ்தானாவிலிருந்து மகள் கேட்டபோது அவளையும் நம்ப வைத்தேன். ஜெஸ்கஸ்கன் பஸ்ஸில் குதிரைக்கறியைக் குடலில் அடைத்த கஸி இரண்டு முழம் அனுப்பினேனே, அது யார் வயிற்றுக்குள் போனது?

இப்போது நேராகவே கேட்கிறேன். படகை யாருக்காவது வாடகைக்கு விட்டீர்களா? அல்லது எவளாவது அங்கே குடியிருக்கிறாளா? செலவைப் பார்த்தால் ஒரே ஆள் அளவுதான் வருகிறது, அதனால் இரண்டாவது கேள்வியை நானே அடித்துவிட்டேன்.

போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம். பதில் எழுதி தோலேஷிடம் கொடுங்கள்.

உல்ஜான்


பல்காஷ் ஏரிக்கரை
9 மார்ச்

உல்ஜானுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

யாரும் இல்லை. நான்தான். படகு கரையில் கட்டைகள்மேல் நிற்கிறது, அதன் அறைக்குள் குளிர்காலம் முழுக்க நான் இருந்தேன். சுரங்கம் பொய். கஸியை ஜெஸ்கஸ்கனில் என் பழைய சிநேகிதன் வாங்கிச் சாப்பிட்டான். மிக நன்றாக இருந்தது என்று சொல்லச் சொன்னான். டிசம்பர் முப்பத்தொன்றில் கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. ரேடியோவை அணைக்காமல் தூங்கிவிட்டேன்.

ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அக்டோபரில் இரண்டு பெட்டி சுதாக் மீன் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். நினைவிருக்கும். கரகண்டாவிலிருந்து ஒரு பெரிய ஆள் நாற்பது பலகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்று கேட்டான்.

நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "நம்ம கடைல சரக்கு ஏத்துறவரு."

"அப்ப பெருசு, வாங்க, இதையெல்லாம் வண்டில ஏத்துங்க. பாத்து, கண்ணாடி."

ஏற்றினேன் உல்ஜான். நாற்பது பலகையையும் ஏற்றினேன். நீ பில் போட்டுக்கொண்டிருந்தாய். கிளம்பும்போது அவன் ஐந்நூறு தெங்கே நோட்டு ஒன்றை மடித்து என் கையில் வைத்து, "டீ குடிங்க பெருசு" என்றான். குடித்தேன்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. கடை உன்னுடையது, வீடும் காரும் ஓடுவது உன்னால்தான். மீன் லாரி வைத்து நான் தோற்றுப்போன பிறகு பதினொரு குளிர்காலம் உன் வீட்டில் சாப்பிட்டேன். எல்லாம் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் புதிதாக ஒரு சோலார் அமைப்பு வேண்டும். பன்னிரண்டு மாதமும் தாங்க வேண்டும். இந்த முறை பட்டியல் பொய் இல்லை. கோடையில் பழைய பட்டியலே. குளிர்காலத்தில் குளிர்சாதனம் வேண்டாம், வெளியே வைத்தால் போதும். டீசல் ஹீட்டர் ஒன்று வாங்கப் போகிறேன், அதன் காற்றாடி இருபத்தைந்து வாட், நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடும். இரண்டு ஐந்து வாட் விளக்கு, எட்டு மணி நேரம். ரேடியோ, போன். ஆள் ஒன்று.

விலை எவ்வளவு ஆகும் என்று எழுது.

அமன்தாய்


அல்மாட்டி
22 மார்ச், நவ்ரீஸ்

வீட்டுத் தலைவருக்கு,

புத்தாண்டு உங்களுக்கு நிறைவாகப் பிறக்கட்டும். ஏழு பொருள் போட்டு நவ்ரீஸ் கஞ்சி வைத்தேன். ஒருத்திக்கு வைக்கத் தெரியாமல் அண்டா நிறைய வைத்து, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஊற்றினேன். "வீட்டுக்காரரு எங்க?" என்று எல்லாரும் கேட்டார்கள். "ஷிப்டு" என்றேன். உங்கள் பொய்யைப் புது வருடத்திலும் நான்தான் தூக்கிச் சுமக்கிறேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இடுப்பு வரை ரப்பர் பூட்சு, சட்டையெல்லாம் செதில், கையில் மீன் ஒழுகுகிறது, எதிரில் அந்த வருடத்தின் மிகப் பெரிய வியாபாரம். அந்த ஒரு நிமிடம் உங்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தையில் பலகையை முதுகில் சுமந்து விற்று இந்தக் கடையைப் பிடித்தவள் நான். அந்த ஆளிடம், மீன் நாற்றத்தோடு நிற்கிறவர் என் புருஷன் என்று சொன்னால் விலையை இறக்குவான் என்று தோன்றியது. நாற்பதும் விற்றது. ஐந்நூறு தெங்கே விஷயம் எனக்குத் தெரியாது. நீங்கள் உதவிக்குத்தான் தூக்குகிறீர்கள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி மீனை வறுத்து வைத்தேன், நீங்கள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றீர்கள். அதையும் நம்பினேன்.

ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் கத்தலுக்குப் பழகியவள், சந்தையில் நாள் முழுக்க அதுதான் கேட்கிறேன். நான்கு மாதம் பனிக்குள் ஒளிந்துகொண்டு, கன்ட்ரோலர் வாயால் சொல்ல வைத்தீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கணக்கு. இரண்டு விதமாகப் போட்டிருக்கிறேன்.

முதலாவது சின்னது. இருக்கிற பலகையும் கன்ட்ரோலரும் போதும். புதிதாக ஒரு லித்தியம் பேட்டரி, குளிரில் தானே நின்றுகொள்ளும் வகை. மே முதல் அக்டோபர் வரை எந்தக் குறையும் இருக்காது. நவம்பரில் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நீங்களும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது பெரியது. உங்கள் குளிர்காலப் பட்டியல் நாளைக்கு ஐந்நூற்று நாற்பது வாட்-மணி. கோடையைவிடக் குறைவுதானே என்று நினைப்பீர்கள், எல்லா வாடிக்கையாளரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டிசம்பரில் வெயில் இரண்டு மணி நேரம்தான், அதிலும் வழியில் முப்பது சதவீதம் போய்விடும். நானூறு வாட் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஆகவே இன்னொரு இருநூறு வாட் பலகை. நானூறு வாட்டைப் பழைய கன்ட்ரோலர் தாங்காது, அதுவும் மாற்ற வேண்டும். லித்தியம் வேண்டாம், இருநூறு ஆம்பியர் ஜெல் பேட்டரி இரண்டு. பாதிக்குமேல் சார்ஜை இறக்காமல் பயன்படுத்தினால், மூன்று நாள் மூடுபனி இருந்தாலும் ஹீட்டர் நிற்காது. ஒவ்வொன்றும் அறுபது கிலோ, படகின் நடுவில், கீழே வையுங்கள், ஓரத்தில் வைத்தால் படகு சாயும். பலகைகளைக் கூரையில் படுக்க வைக்காமல் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட நிமிர்த்தி நிறுத்துங்கள், பனியும் வழுக்கி விழும், தாழ்ந்த வெயிலும் படும்.

பலகை 48,000. பேட்டரி இரண்டும் 3,20,000. கன்ட்ரோலர் 35,000. கேபிளும் சட்டமும் 15,000.

சின்னது எடுத்தால் உங்களுக்கு இலவசம். பெரியது எடுத்தால் எல்லாருக்கும் சொல்கிற விலை. ஏன் அப்படி என்று உங்களுக்குப் புரியும்.

பின்கட்டு அறையில் இருந்த சரக்கையெல்லாம் எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். வலைகளை அங்கே போட்டுக்கொள்ளலாம். பூட்சோடு உள்ளே வந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

யோசித்து எழுதுங்கள்.

உங்கள் உல்ஜான்


பல்காஷ் ஏரிக்கரை
6 ஏப்ரல்

உல்ஜானுக்கு,

கணக்கு நன்றாக இருக்கிறது. தோலேஷிடம் படித்துக் காட்டினேன். "அண்ணே, அண்ணி சின்னத சும்மா தர்றாங்க. மடையன்கூட அதத்தான் எடுப்பான்" என்றான்.

நான் மூன்று நாள் யோசித்தேன். அறைக்கு வெள்ளையடித்தது சந்தோஷம். வெட்கமாக இருந்தது என்று நேராக எழுதியதும் சந்தோஷம்தான், வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

ஆனால் இலவசம் என்று எழுதியிருக்கிறாய். பதினொரு குளிர்காலமும் நான் உன் வீட்டில் இலவசமாகத்தான் இருந்தேன். இந்தப் படகில்தான் முதல் தடவையாக என் விறகுக்கும் என் ரொட்டிக்கும் நானே கொடுத்தேன். குளிர் அடித்தது, ஆனால் என்னை யார் என்று யாரும் கேட்கவில்லை.

பெரியது. பணம் முழுதும் தோலேஷிடம் கொடுத்திருக்கிறேன். மீன் விற்ற காசு, எண்ணிப் பார்த்துக்கொள்.

அமன்தாய்


அல்மாட்டி
11 ஏப்ரல்

திரு. அமன்தாய் அவர்களுக்கு,

பணம் வந்தது. எண்ணினேன், சரியாக இருக்கிறது. நோட்டெல்லாம் மீன் வாடை. "கோவிச்சுக்காதீங்க அண்ணி, நான் எவ்வளவோ சொன்னேன்" என்றான் தோலேஷ். "உனக்கெதுக்கு, நீ டிரைவர்" என்றேன்.

இலவசம் என்று எழுதியது என் தப்பு. இருபது வருடமாக விற்கிறவள், அதுகூடத் தெரியாமல் எழுதிவிட்டேன். சின்னதற்கும் ஒரு விலை போட்டிருக்க வேண்டும். நீங்கள் அதிகம் என்றிருப்பீர்கள், நான் முடியாது என்றிருப்பேன், நவம்பர் வரையாவது எழுதிக்கொண்டிருந்திருப்போம். ஆனால் நீங்கள் பெரியதற்கு ஒரு தெங்கேகூடக் குறைக்கச் சொல்லவில்லை. பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் வைத்துவிட்டுப் போகிறவர் என் கடைக்குத் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

மகளிடம் இனி நீங்களே சொல்லுங்கள். ஷிப்டு முடிந்துவிட்டது என்று நான் பக்கத்துக் கடைகளில் சொல்லிவிட்டேன். மேற்கொண்டு கேட்டவர்களுக்கு உள்ளதையே சொன்னேன்.

இருநூறு வாட் பலகை ஒன்று, இருநூறு ஆம்பியர் ஜெல் பேட்டரி இரண்டு, நாற்பது ஆம்பியர் கன்ட்ரோலர் ஒன்று, கேபிள், சட்டம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும், ஏற்றுகூலி என்னுடையது, இறக்குகூலி உங்களுடையது. பேட்டரிக்கு ஒரு வருட உத்தரவாதம், பழுதானால் கடைக்கு நேரில் கொண்டுவர வேண்டும், ஆள் மூலம் அனுப்பினால் ஏற்கமாட்டோம். விலை நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம் தெங்கே, தள்ளுபடி இல்லை, முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்.

உல்ஜான்
கடை உரிமையாளர்