கரியில் தங்கிவிட்ட ஈயம்

அனுப்புநர்:
ஆய்வக உதவியாளர் (இரண்டாம் நிலை),
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்,
நீரேற்று நிலைய வளாகம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஏரி நீர் பாதுகாப்பானது எனச் சான்றளித்த பதினான்கு அறிக்கைகளை ரத்து செய்யவும், வரும் திங்கட்கிழமை நானூறு வீடுகளுக்கு அந்நீரைத் திறந்துவிடாமல் நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இக்கூடத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நீர் மாதிரியைக் கருவியில் வைக்கும் முன் கரித்தூள் கலந்து, குலுக்கி, வடிகட்டித் தெளிய வைப்பதும், அறிக்கையில் சோதித்தவராகக் கையெழுத்திடுவதும் என் வேலை. கலங்கலோ நிறமோ உள்ள நீரை எங்கள் கருவி படிக்காது. சென்ற ஆண்டுவரை ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வந்தது. அது தானாகவே தெளிவாக இருந்ததால், கரி போட்டதில் எந்தக் கேடும் வரவில்லை, எந்தப் பயனும் இருக்கவில்லை. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

2. கிணறுகள் வற்றியதால் ஏரி நீர் வந்தது. கரையோர மரங்களின் இலை விழுந்து மட்கி, அந்நீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் மட்கிய இலையிலிருந்து இறங்கும் அமிலம். அதனால் தீங்கு ஏதும் இல்லை. ஆனால் ஏரிக்கு நீர் வரும் கால்வாயின் முகப்பில் முன்பு பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. கொட்டகை போய்விட்டது, மண்ணில் ஈயம் இருக்கிறது.

3. தாங்கள் அறியாததல்ல. ஆயினும், அறிந்திருக்க வேண்டிய நானே மறந்ததால் எழுதுகிறேன். நண்டு கொடுக்கால் கவ்வுவது போல, இந்த இலை அமிலம் நீரில் கரைந்த ஈயத்தைக் கவ்விக்கொள்கிறது. நான் கரி போட்டபோது கரி நிறத்தை இழுத்தது, நிறத்தோடு அமிலத்தை இழுத்தது, அமிலத்தோடு ஈயமும் போனது. வடிந்த நீரில் எதுவும் இல்லை. கருவி பொய் சொல்லவில்லை ஐயா. நான்தான் அதற்கு வேறு நீரைக் காட்டினேன். குடிப்பவர் வீட்டில் கரி போட ஆள் இல்லை. அவர்கள் வயிற்றில் உள்ள அமிலம் பட்டதும் கொடுக்கு விரிந்து ஈயம் வெளியே வந்துவிடும்.

4. வெள்ளோட்டமாக மூன்றாம் தெருவுக்கு நாற்பது நாட்களாக இந்நீர் போகிறது. என் அக்கா அந்தத் தெருவில் குடியிருக்கிறாள். அவளுடைய கடைக்குட்டிக்கு நான்கு வயது. வாய் ஓயாது என்பதால் அவளை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வாரமாக ரேடியோ பேசவில்லை. வயிற்று வலி, சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரத்தப் பரிசோதனையில் ஈயம் என்று வந்தது. வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா சற்றுப் பெருமையாகவே பதில் சொன்னாள்: "தண்ணியில ஒண்ணும் இருக்காது டாக்டர். இதோ நிக்கிறானே என் தம்பி, இவன் பாத்துக் கையெழுத்துப் போட்ட தண்ணி அது."

வெட்கத்தோடு இதைப் பதிவு செய்கிறேன்.

5. மறுநாள் காலை கரி போடாத ஏரி நீரை எடுத்து, அமிலம் சேர்த்து, நிறம் போகும்வரை காய்ச்சி, கருவியில் வைத்தேன். அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் ஆறு மடங்கு ஈயம் காட்டியது. கை தவறியிருக்கும் என்று மும்முறை செய்தேன், மூன்று முறையும் அதுவே. பிறகு குப்பைத் தொட்டியில் கிடந்த சென்ற வாரக் கரியை எடுத்து அமிலத்தில் கழுவிப் பார்த்தேன். காணாமல் போன ஈயம் அங்கே இருந்தது.

6. உடனே மூத்த பகுப்பாய்வாளரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் அல்லர், விதிப்புத்தகத்தை விட்டு ஓர் அடி நகராதவர். "மாதிரி தெளிவா இருக்கணும்னு புத்தகத்துல இருக்கு, தெளிவாத்தான் குடுத்தோம். புத்தகத்துல இல்லாத சோதனைக்கு நான் எப்படிப்பா ரிப்போர்ட் எழுதறது?" என்றார். திங்கட்கிழமைத் திறப்புக்குக் குழாய்களுக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது என்றும் நினைவூட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் ஓர் ஏரியையே ஒரு கரண்டிக் கரியில் மறைத்திருக்கிறோம்.

7. நேற்று மூன்றாம் தெருவில் வீடு வீடாகப் போய், இந்நீரைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அக்கா குடத்தைக் கவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் கேட்கவில்லை. தெருக்குழாய் அருகே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் அறிக்கையைக் காட்டினார்கள். தையற்காரர் ஒருவர் சிரித்தார். "நல்ல தண்ணின்னு எழுதினதும் நீ, வேணாம்னு சொல்றதும் நீ. நாங்க எழுத்தை நம்பறதா, பேச்சை நம்பறதா?" என்றார். நியாயமான கேள்வி. நான் திரும்பி வரும்போது அவர் வீட்டுக் குடம் குழாயடியில் நிரம்பிக்கொண்டிருந்தது.

8. எனவே தங்களிடம் வேண்டுவது: திங்கட்கிழமைத் திறப்பை நிறுத்துங்கள். மூன்றாம் தெருவுக்கு இன்றே மாற்று நீர் அனுப்பி, அங்குள்ள குழந்தைகள் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய ஆணையிடுங்கள். ஏரி நீரைக் கரியின்றி, அமிலத்தில் காய்ச்சியே சோதிக்க வேண்டும் என்று விதியைத் திருத்துங்கள். என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுங்கள், நான் மறுப்புக் கூற மாட்டேன். ஆனால் அது கடைசியாக இருக்கட்டும். விசாரணை முடியட்டும் என்று குழாய் காத்திருக்காது.

9. என் பேச்சு அந்தத் தெருவில் செல்லவில்லை. என் கையெழுத்து இன்னும் செல்கிறது. அதைச் செல்லாததாக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, தங்களுக்கு இருக்கிறது. இம்மனுவின் கீழ் உள்ள கையெழுத்தைப் பதினான்கு அறிக்கைகளில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கைதான். இந்த ஒன்றை மட்டும் நம்பி, மற்ற பதினான்கையும் அடித்துவிடுங்கள் ஐயா.

இணைப்பு: கரி போடாத ஏரி நீர், முத்திரையிட்ட புட்டி ஒன்று. பயன்படுத்திய கரி, பொட்டலம் ஒன்று. குழந்தையின் இரத்தப் பரிசோதனை நகல்.

இடம்: பரிசோதனைக் கூடம், வடிகட்டும் அறை
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஆய்வக உதவியாளர்